தாத்தா பாட்டியோடு தென் ஜெர்மனியில் காரில் ஒரு வாரம்: முழுமையான வழிகாட்டி

அம்மாவும் அப்பாவும் முதல் தடவை ஊரிலிருந்து, ஜெர்மனியில் இருக்கும் எங்களிடம் வந்தபோது, ஐந்து நாளில் ஒன்பது ஊர் என்று திட்டம் போட்டேன். போகிற இடத்தில் எல்லாம் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பரவாயில்லப்பா, நீங்க போயிட்டு வாங்க. நான் இந்தப் பெஞ்சுலயே உட்கார்ந்திருக்கேன்." மூன்றாம் நாள் இரவு அவர் காலுறையைக் கழற்றும்போதுதான் இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தது தெரிந்தது. வலி முதல் நாளே தொடங்கியிருக்கிறது. சொன்னால் பிள்ளைகளின் பயணம் கெட்டுவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது தடவை வந்தபோது திட்டத்தை அவர்கள் முழங்காலிலிருந்து தொடங்கினேன். எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடவில்லை. எத்தனை படி, எத்தனை மணிக்கு ஒரு கழிப்பறை, மதியம் எங்கே சோறு என்று கணக்குப் போட்டேன். அந்தப் பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் ஆறு பேர்: எழுபதைத் தாண்டிய அப்பா, அறுபத்தொன்பது வயது அம்மா, நாங்கள் இருவர், ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஸ்டுட்கார்ட்டில் கிளம்பி கருங்காடு, போடன்சீ ஏரி, அல்கோய் மலையடிவாரம், உல்ம் வழியாகத் திரும்பும் சுற்று. மொத்தம் எழுநூறு கிலோமீட்டருக்குப் பக்கம். ஏழு இரவு, மூன்றே வீடு.

1. எப்போது போவது

பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் தேதி உங்கள் கையில் இல்லை. ஜெர்மனியில் பள்ளி வருகை சட்டப்படி கட்டாயம், விடுமுறை அல்லாத நாளில் சுற்றுலாவுக்கு லீவு கிடைக்காது. எனவே இரண்டு வாய்ப்புகள்தான். ஒன்று, மே கடைசி அல்லது ஜூனில் வரும் பெந்தெகொஸ்தே விடுமுறை. பாடன்-வுர்ட்டம்பெர்க், பவேரியா இரண்டிலும் இது இரண்டு வாரம். இன்னொன்று கோடை விடுமுறையின் கடைசிப் பகுதி, அதாவது செப்டம்பர் முதல் பத்து நாள். இந்த இரண்டு மாநிலங்களும்தான் நாட்டிலேயே கடைசியாகக் கோடை விடுமுறை விட்டு, கடைசியாகப் பள்ளி திறக்கின்றன. அதனால் செப்டம்பர் தொடக்கத்தில் வடக்கு மாநிலத்துக் கூட்டம் திரும்பியிருக்கும், ஏரிக்கரையில் இடமும் கிடைக்கும். என் ஓட்டு செப்டம்பருக்குத்தான்.

ஜூனில் போனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஆறு மணிக்கு விளக்கேற்றிப் பழகிய அம்மாவுக்கு, வெயில் அடிக்கும்போது விளக்கேற்றுவது பெரிய குழப்பம். தூக்கமும் கெடும். அடர்த்தியான திரையோ ஜன்னல் ஷட்டரோ உள்ள படுக்கையறையாகப் பாருங்கள்.

அவர்கள் வந்து இறங்கிய வாரமே கிளம்பாதீர்கள். கோடையில் நமக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். முதல் சில நாள் விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். எட்டு, பத்து நாள் வீட்டில் இருந்து, பக்கத்துப் பூங்காவில் நடந்து, ரொட்டிக்கடைக்குப் போய்ப் பழகட்டும். எத்தனை நேரம் நடக்க முடிகிறது, எத்தனை மணிக்கு ஒருமுறை கழிப்பறை தேவைப்படுகிறது என்பதை நீங்களும் அந்த நாட்களில் கவனித்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும்.

2. காகிதமும் மருந்தும்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது குறைந்தபட்சம்தான். வயதானவர்களுக்கு அதைவிடக் கூடுதல் தொகைக்கு எடுங்கள். அதைவிட முக்கியம், ஏற்கனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் திடீரென்று மோசமானால் பணம் தருவார்களா என்ற வரி. பல பாலிசிகளில் அங்கேதான் கைவிரிப்பார்கள். வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

மருந்து முழுவதையும் ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள், கூட டாக்டர் கடிதமும். கடிதத்தில் மாத்திரையின் கடைப்பெயர் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் வேண்டும். நம் ஊர்க் கடைப்பெயரை இங்குள்ள மருந்துக்கடைக்காரரால் அடையாளம் காண முடியாது. இங்கே பாராசிட்டமால்கூட அப்போதெக்கே என்ற மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை முறை வைத்து ஏதாவது ஒரு அப்போதெக்கே திறந்திருக்கும், எது என்று மற்றக் கடைகளின் கதவில் ஒட்டியிருப்பார்கள்.

இரண்டு எண்களை அப்பாவின் போனிலும் போட்டு வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. மருத்துவமனை அவசரம் இல்லை, ஆனால் இரவிலோ ஞாயிறிலோ டாக்டர் வேண்டும் என்றால் 116117. அன்றைக்கான மாத்திரை எப்போதும் அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். பின்னால் அடுக்கிய பெட்டிகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், நெடுஞ்சாலை ஓரத்தில் எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு அது நடந்தது.

பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். இந்த வழியில் ஆஸ்திரிய எல்லையைத் தெரியாமலேயே தாண்டலாம். ஷெங்கன் விசா அங்கும் செல்லும், ஆனால் எல்லையில் நிறுத்திப் பார்ப்பது உண்டு.

3. கார்

ஆறு பேருக்கு ஏழு இருக்கை கார் போதும் என்று தோன்றும். போதாது. மூன்றாம் வரிசையை விரித்தால் பின்னால் பெட்டி வைக்க இடமே இருக்காது. ஒன்பது இருக்கை வேனை எடுங்கள். இங்குள்ள சாதாரண பி வகை உரிமமே அதற்குப் போதும். வேனின் தரை உயரம், அதனால் இருபது யூரோவுக்குள் ஒரு மடக்குப் படி வாங்கிப் போடுங்கள். அந்த வாரம் முழுக்க நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான். அம்மா ஒவ்வொரு முறையும் யார் கையையும் எதிர்பாராமல் ஏறி இறங்கினார், அதில் அவருக்கு ஒரு நிம்மதி.

பெரியவர்கள் நடு வரிசையில், கதவோரம். பிள்ளைகள் பின் வரிசையில். பன்னிரண்டு வயது வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை, குழந்தை இருக்கை கட்டாயம். தாத்தா மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பார், அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பதை முதல் நாளே அன்பாகச் சொல்லிவிடுங்கள். மறந்துபோவார்கள், கிளம்பும் முன் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காரில் முக்கோண எச்சரிக்கைப் பலகை, முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேல்சட்டை மூன்றும் இருக்க வேண்டும். சில நகரங்களுக்குள் போக, புகை குறைவான வண்டி என்று காட்டும் பச்சை வில்லை கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும், வாடகைக் காரில் பெரும்பாலும் இருக்கும். நீல நிற நிறுத்தக் கடிகார அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஊர்களில் இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தலாம், ஆனால் வந்த நேரத்தை அடுத்த அரை மணிக்குத் தள்ளி வைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் காட்ட வேண்டும். 10.10க்கு வந்தால் 10.30 என்று வைக்கலாம்.

4. சாலை

ஆட்டோபானில் காருக்குச் சுங்கம் இல்லை. பல இடங்களில் வேக வரம்பும் இல்லை, 130 என்பது பரிந்துரை மட்டும். பெரியவர்களை வைத்துக்கொண்டு நாங்கள் வலது தடத்தில் 110-லேயே போனோம். இடது தடம் முந்துவதற்கு மட்டும்தான், வேலை முடிந்ததும் வலப்பக்கம் வந்துவிட வேண்டும். 200-இல் ஒரு கார் பக்கத்தில் பாய்ந்து போனால் அப்பாவின் கை தானாகவே முன் இருக்கையைப் பிடிக்கும். "இங்கே இப்படித்தான் போவார்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயம் பாதியாகக் குறையும்.

நெரிசலில் வண்டிகள் நிற்கத் தொடங்கினாலே ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டும். இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க, மற்ற எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. நூற்றுக்கணக்கான கார்கள் யாரும் சொல்லாமல் ஒதுங்கி நடுவில் பாதை விட்டதைப் பற்றி ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

எந்த நாளில் ஓட்டுவது? ஞாயிறு. அன்று இரவு பத்து மணி வரை கனரக லாரிகளுக்குத் தடை இருப்பதால் சாலை மூச்சு விடும். ஆனால் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், அதனால் பாலும் தயிரும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். விடுமுறைச் சனிக்கிழமைகளில் சாலையில் இறங்கவே வேண்டாம்.

கழிப்பறைக்கு வருவோம், இந்தப் பயணமே அதை நம்பித்தான் இருக்கிறது. ஆட்டோபானில் பிரச்சினை இல்லை. பெரிய ஓய்விடங்களில் ஆளுக்கு ஒரு யூரோ, அதற்கு ஒரு சீட்டு தருவார்கள், கடையில் கழித்துக்கொள்ளலாம். இடையிடையே கழிப்பறைக் குறியுள்ள வண்டி நிறுத்துமிடங்கள் இலவசம், சுத்தம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். சிரமம் எல்லாம் மலைச்சாலைகளில்தான், ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்றும் இருக்காது. அங்கே சிறு ஊர்களில் "நெட்டே டாய்லெட்டே" என்ற சிரித்த முக வில்லை ஒட்டிய உணவகங்களைத் தேடுங்கள். ஒன்றும் வாங்காமலே கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று அதற்கு அர்த்தம், நகராட்சி அவர்களுக்குப் பணம் தருகிறது. தெற்கில் இருக்கும் ஆலன் என்ற ஊரில் தொடங்கிய திட்டம் இது. கழிப்பறையில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க்குழாய் இருக்காது, ஒரு மூடி போட்ட குவளையும் தண்ணீர் பாட்டிலும் கைப்பையில் இருக்கட்டும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை யாரும் கேட்காமலே நிறுத்துங்கள். "டீ குடிக்கலாம்" என்று நீங்கள் சொன்னால் அவர்கள் தயக்கமில்லாமல் இறங்குவார்கள்.

5. தங்குமிடம்

ஹோட்டல் வேண்டாம். சமையலறை உள்ள விடுமுறை வீடு, ஃபெரியன்வோனுங் என்பார்கள், அதுதான் நமக்குச் சரி. ஒரு இடத்தில் குறைந்தது இரண்டு இரவு. தினமும் பெட்டி கட்டுவது பெரியவர்களுக்கு நடப்பதைவிடக் களைப்பு.

பதிவு செய்யும் முன் வீட்டுக்காரருக்கு நான்கு கேள்வி எழுதுங்கள். எந்த மாடி? எர்ட்கெஷோஸ் என்றால்தான் தரைத்தளம், ஜெர்மனியில் முதல் மாடி என்பது ஒரு படிக்கட்டு ஏறித்தான் வரும். வாசலுக்கு எத்தனை படி? குளியல் தொட்டிக்குள் ஏறிக் குளிக்க வேண்டுமா, தரைமட்டத்தில் ஷவர் இருக்கிறதா? தொட்டி விளிம்பைத் தாண்டும் இடத்தில்தான் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள், எனவே இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசியாக, பெரியவர்களின் படுக்கையறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் படி உண்டா? பழைய வீடுகளில் படுக்கையறை மாடியிலும் கழிப்பறை கீழேயும் இருப்பது சகஜம்.

ஊர்வரி என்று ஆளுக்கு ஒரு சிறு தொகை கேட்பார்கள். அதற்கு ஈடாக விருந்தினர் அட்டை தருவார்கள், கருங்காட்டில் பல ஊர்களில் அந்த அட்டையைக் காட்டிப் பஸ்சிலும் உள்ளூர் ரயிலிலும் இலவசமாகப் போகலாம். தாத்தாவும் பேரனும் ரயிலில் ஒரு ஸ்டேஷன் போய்த் திரும்புவது செலவில்லாத சந்தோஷம்.

6. சாப்பாடு

சின்ன அரிசிக் குக்கர், ஒரு கிலோ புழுங்கலரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், காபித்தூள், டிக்காஷன் இறக்க ஃபில்டர். காலையில் கூடுதலாகச் சாதம் வடித்துத் தயிர்சாதமும் புளிசாதமும் கட்டிவிடுவோம். மதிய உணவு அதுதான், ஏதாவது ஏரிக்கரைப் பெஞ்சில். மாலையில் ஒருவேளை மட்டும் உணவகம்.

அம்மா கறி, மீன் தொடமாட்டார். இங்கே "சைவம்" என்று பார்த்தால் தெரிகிற பலவற்றில் இறைச்சி ஒளிந்திருக்கும். ஃப்ளேட்லேசூப்பே என்ற சூப்பில் நறுக்கிய தோசை போல மாவுத்துண்டுகள் மிதக்கும், ஆனால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. பருப்போடு ஷ்பெட்ஸ்லே என்று மெனுவில் பார்த்ததும் ஆசையாக இருக்கும், அதில் பன்றிக்கொழுப்பும் தொத்திறைச்சியும் சேர்த்துத்தான் சமைப்பார்கள். மவுல்டாஷன் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், உள்ளே கறி. "ஷ்பெக்" என்ற சொல் எங்கே தெரிந்தாலும் பன்றி. பிள்ளைகளுக்கு வாங்கும் ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின்.

முட்டை பரவாயில்லை என்றால் நம்பிக் கேட்கக்கூடியவை: வறுத்த வெங்காயம் தூவிய கேஸ்ஷ்பெட்ஸ்லே, ஆப்பிள் கூழோடு வரும் உருளைக்கிழங்கு அடை, இனிப்பாகக் கைசர்ஷ்மார்ன். கேட்கும்போது "ஓனே ஃப்லைஷ், ஓனே ஃப்லைஷ்ப்ரூஹே" என்று கேளுங்கள். இறைச்சி வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று பொருள். இரண்டாவது சொல்லை விட்டுவிட்டால் சாறு சேர்ந்த உணவு வந்து நிற்கும். கேஸ்ஷ்பெட்ஸ்லேயைப் பார்த்து அம்மா, "இடியாப்பத்தைச் சீஸ்ல போட்டுக் கிளறின மாதிரி இருக்கு" என்றார். மிளகு தூவித் தந்ததும் முழுத் தட்டையும் சாப்பிட்டார்.

பல உணவகங்களில் சூடான சமையல் மதியம் இரண்டு மணிக்கு நின்றுவிடும், பிறகு மாலை ஐந்தரை, ஆறுக்குத்தான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறையும் உண்டு. சர்க்கரை நோயாளி கூட இருந்தால் இந்த நேரம் தப்பக் கூடாது. குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம். உணவகத்தில் தண்ணீர் கேட்டால் "ஷ்டில்லஸ் வாசர்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் சோடா வரும். சிறு ஊர்களில் அட்டை வாங்காத கடை இன்னும் உண்டு, கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

7. வழி, நாளுக்கு நாள்

*முதல் இரண்டு நாள், கருங்காடு.* ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஏ81 பிடித்து, பிறகு பள்ளத்தாக்குச் சாலைகளில் கூட்டாக் ஊருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே ஃபோக்ட்ஸ்பவுர்ன்ஹோஃப் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1612-இல் கட்டிய பண்ணை வீடு கட்டிய இடத்திலேயே நிற்கிறது, சுற்றிலும் வேறு ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய வீடுகள். குளிர்காலத்தில் மூடியிருக்கும். தரை பெரும்பாலும் சமம், உட்காரப் பெஞ்சுகள் நிறைய.

இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பின்னால் பார்த்த அரண்மனையைப் பற்றி அப்பா ஒன்றும் பேசவில்லை. இந்த வீட்டுக்குள் போனதும் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஒரே பெரிய கூரை, அதன் கீழேயே மாடு, மனிதர், மேலே வைக்கோல். புகைபோக்கி இல்லாத சமையலறை, புகை எழும்பி மேலே தொங்கும் இறைச்சியைப் பதப்படுத்துமாம். சுவரெல்லாம் கரி. "எங்க தாத்தா வீட்டு அடுப்பங்கரை இப்படித்தான் இருக்கும்" என்று பேரனுக்குச் சொன்னார். ஏர், கலப்பை, மரக்கால் மாதிரி ஓர் அளவைப்பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அதுவரை கேட்டிராத தமிழ்ச் சொற்கள் அன்று ஒரு டஜனாவது கேட்டிருப்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பக்கத்துப் பெண்களின் பொல்லன்ஹூட் தொப்பி. பெரிய கம்பளிப் பந்துகள் வைத்தது, கல்யாணமாகாதவருக்குச் சிவப்பு, ஆனவருக்குக் கறுப்பு.

இரண்டாம் நாள் ட்ரீபெர்க் அருவி. ஏழு அடுக்காக மொத்தம் 163 மீட்டர் விழுகிறது, மேலே போகும் பாதை நல்ல ஏற்றம். பெரியவர்கள் கீழ் அடுக்கைப் பார்த்தால் போதும், ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு மேலே போய்வரலாம். குயில் கடிகாரக் கடைகள் வழியெங்கும். வாங்க நினைத்தால் எடையைப் பாருங்கள், விமானப் பெட்டியில் ஏற வேண்டும்.

*மூன்றாம், நான்காம் நாள், போடன்சீ.* போகும் வழியில் டோனாவெஷிங்கனில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அரண்மனைப் பூங்காவில் டான்யூபின் ஊற்று என்று கல் சுற்றுக்கட்டிய ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே பிரீகாக், ப்ரேக் என்ற இரண்டு சிற்றாறுகள் கலக்கும் இடத்திலிருந்துதான் ஆற்றுக்கு டான்யூப் என்று பெயர். இங்கிருந்து கருங்கடல் வரை ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். காவிரிக்கரையில் பிறந்த அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "இது இவங்க தலைக்காவிரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். இந்த ஆற்றை நாம் மறுபடியும் கடைசி நாள் பார்ப்போம், அதைப் பிள்ளைகளிடம் இங்கேயே சொல்லி வையுங்கள்.

ஏரியில் எங்கே தங்குவது என்பதில் கவனம். மேர்ஸ்பூர்க் ஊர் படத்தில் அழகு, ஆனால் கீழ் ஊருக்கும் மேல் ஊருக்கும் நடுவே செங்குத்து. நாங்கள் தங்கியது பக்கத்திலிருக்கும் உன்டர்ஊல்டிங்கனில். கரையோர நடைபாதை சமதளம். ஏரிக்குள் மரத்தூண்கள் மேல் நிற்கும் கற்கால, வெண்கலக்கால வீடுகளை மாதிரியாகக் கட்டி வைத்த அருங்காட்சியகம் அங்கேயே இருக்கிறது. இவற்றின் எச்சங்கள் ஏரிக்கடியில் கிடைத்தவை, ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள இத்தகைய இடங்கள் 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

மறுநாள் காருக்கு ஓய்வு. உன்டர்ஊல்டிங்கனிலிருந்தே கப்பலில் மைனாவ் தீவுக்குப் போகலாம், சிறிது நேரப் பயணம்தான். 45 ஹெக்டேர் தீவு முழுக்கத் தோட்டம்: வசந்தத்தில் துலிப், ஜூனில் ரோஜா, செப்டம்பரில் டேலியா. முழுவதும் பார்க்க ஆசைப்படாதீர்கள், பாதியோடு நிறுத்துங்கள். பட்டாம்பூச்சி வீட்டுக்கு மட்டும் கண்டிப்பாகப் போங்கள். உள்ளே வெப்பமும் ஈரமும் நம் ஊர் ஆவணி மாதம் மாதிரி இருக்கும். அந்த வாரத்தில் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றிய ஒரே இடம் அது.

*ஐந்தாம் நாள், மலையை நோக்கி.* லின்டாவ் தீவு நகரத்தில் மதிய நிறுத்தம். காரை வெளியே நிறுத்திவிட்டுத் துறைமுகத்துக்குப் போனால், ஒரு பக்கம் கல் சிங்கம், மறுபக்கம் கலங்கரை விளக்கம், எதிரே ஆல்ப்ஸ். பெஞ்சு, ஐஸ்கிரீம், ஒரு மணி நேரம். வேறு ஒன்றும் வேண்டாம்.

லின்டாவில் தொடங்கும் பி308, கோனிக்ஸீ ஏரி வரை போகும் ஆல்ப்ஸ் சாலையின் முதல் பகுதி. இம்மன்ஷ்டாட் வரை அதில் போய்விட்டு, அங்கிருந்து கெம்ப்டன் பக்கம் திரும்பி ஏ7 வழியாக ஃபூஸன் போங்கள். நேராகப் போனால் ஓபர்யோக் மலை ஏற்றத்தில் நூற்றுக்கும் மேல் வளைவுகள், பின் வரிசையில் இருக்கும் பிள்ளையும் நடு வரிசையில் இருக்கும் பாட்டியும் வாந்தி எடுப்பார்கள். அல்கோயில் ஒரு பால்பண்ணை வீட்டில் தங்குங்கள், பண்ணைகளே அறைகள் விடுகிறார்கள். நாங்கள் இருந்த மூன்று காலையும் அப்பா ஐந்தரைக்கே மாட்டுக்கொட்டகையில் நின்றார். பண்ணைக்காரருக்கு ஆங்கிலம் வராது, அப்பாவுக்கு ஜெர்மன் வராது. மடி, தீவனம், கன்று என்று இருவரும் கையாலேயே பேசி முடித்தார்கள்.

*ஆறாம் நாள், நொய்ஷ்வான்ஸ்டைன்.* இந்த அரண்மனையைப் பார்க்காமல் வந்தால் ஊரில் கேட்பார்கள், ஆகவே போய்த்தான் ஆக வேண்டும். பவேரியாவின் மன்னன் இரண்டாம் லுட்விக் 1869-இல் கட்டத் தொடங்கினான். 1886-இல் அவன் இறக்கும்போதும் கட்டி முடியவில்லை, இறந்த சில வாரத்திலேயே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவன் கட்டிய அரண்மனைகள் 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தன.

முழங்கால் வலி உள்ளவர்களை உள்ளே அழைத்துப் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கீழே ஊரிலிருந்து ஏறிப்போக அரை மணிக்கு மேல் ஆகும். பஸ்சும் குதிரை வண்டியும் உண்டு, ஆனால் இரண்டும் வாசலில் இறக்கிவிடாது, மீதியை நடக்க வேண்டும். உள்ளே ஏற இறங்க முந்நூறுக்கும் மேல் படிகள், குழுவோடு நடக்க வேண்டியிருப்பதால் நடுவில் உட்கார முடியாது. நாங்கள் பிரிந்துகொண்டோம். ஒருவர் பெரிய பிள்ளையோடு முன்பதிவு செய்த நேரத்துக்கு மேலே போனார். மற்றவர்கள் ஆல்ப்ஸீ ஏரிக்கரையில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்தோம். பிறகு ஷ்வாங்காவ் புல்வெளியில் தனியாக நிற்கும் கோலோமன் தேவாலயத்துக்குக் காரில் போனோம். அங்கிருந்து பார்த்தால்தான் அரண்மனை முழுதாகத் தெரிகிறது, கார் நிறுத்தும் இடத்திலிருந்து சமதளம்.

*ஏழாம் நாள், வீஸ்கிர்ஹே தேவாலயம்.* ஃபூஸனிலிருந்து அரை மணி. 1738-இல் ஒரு பண்ணைப் பெண்மணி, கட்டுண்டு நிற்கும் இயேசுவின் மரச்சிலையின் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்தார் என்று யாத்திரை தொடங்கியது. கூட்டம் பெருகவே 1745 முதல் 1754 வரை டொமினிகுஸ் சிம்மர்மன் இந்தத் தேவாலயத்தைக் கட்டினார். வெளியே வெறும் புல்வெளிக் கட்டடம், உள்ளே போனால் கூரை முழுக்கத் தங்கமும் ஓவியமும் வெளிச்சமும். கட்டணம் இல்லை, படி இல்லை என்றே சொல்லலாம். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார், நாற்பது நிமிடம் எழவில்லை. வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், உட்கார்ந்து கேட்கலாம்.

தெம்பு மிச்சமிருந்தால் அப்படியே லிண்டர்ஹோஃப். லுட்விக் தன் வாழ்நாளில் கட்டி முடித்த ஒரே அரண்மனை, அளவில் சிறியது, தோட்டம் அழகு. மன்னன் தனியாகச் சாப்பிட விரும்பியதால், கீழே சமையலறையில் பரிமாறிய மேசை அப்படியே தரை வழியாக மேலே எழும்பி வரும். பிள்ளைகள் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது ப்ளான்ஸீ ஏரி வழியாக வந்தால் அழகான சாலை, அது ஆஸ்திரியா. சாதாரணச் சாலை என்பதால் சுங்க வில்லை தேவையில்லை. ஆஸ்திரிய நெடுஞ்சாலையில் ஏறினால்தான் வேண்டும்.

ஜெர்மனியிலேயே உயரமான சுக்ஷ்பிட்சே சிகரத்தை விட்டுவிட்டேனே என்று கேட்பீர்கள். 2,962 மீட்டர், ஐப்ஸீ ஏரியிலிருந்து கம்பிவடக் காரில் பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் ஏறிவிடும். இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. நாங்கள் போகவில்லை.

*எட்டாம் நாள், வீட்டுக்கு.* ஏ7-இல் உல்ம் வரை ஒன்றரை மணிக்குள். பெரிய தேவாலயத்தின் கோபுரம் 161.5 மீட்டர், 1377-இல் அடிக்கல் போட்டு 1890-இல்தான் முடித்தார்கள். 2025 அக்டோபர் வரை உலகிலேயே உயரமான தேவாலயக் கோபுரம் இதுவாகத்தான் இருந்தது. 768 படி, நாம் ஏறப்போவதில்லை. "நம்ம பெரிய கோயில் விமானம் 216 அடி, இது அதுல ரெண்டரை மடங்கு" என்று அப்பா கீழே நின்றே கணக்குப் போட்டார். பிறகு மதில் ஓரமாக ஆற்றங்கரைக்குப் போங்கள். ஐந்து நாள் முன்பு கிண்ணத்து நீராகப் பார்த்த டான்யூப் அங்கே அகலமாக ஓடும். "அதே தண்ணியா?" என்று சின்னவள் தாத்தாவைக் கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில் ஸ்டுட்கார்ட் வரும்வரை முடியவில்லை.

மியூனிக்கை நான் சேர்க்கவில்லை. அதை வேறொரு நாள் ரயிலில் போய்ப் பாருங்கள், வேனை அந்த நகரத்துக்குள் நிறுத்த இடம் தேடுவதே பாதி நாள்.

8. ஒரு நாளின் அளவு

காலையில் ஒரே ஒரு இடம். ஒரு மணிக்குள் சாப்பாடு. பிறகு வீட்டுக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுக்கை, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து. மாலையில் பிள்ளைகளோடு பக்கத்து விளையாட்டு மைதானம். எந்தச் சிற்றூரிலும் ஒன்று இருக்கும், மணல், ஊஞ்சல், பெரியவர்களுக்குப் பெஞ்சு. யோசித்துப் பார்த்தால் தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் அதிகம் பேசிக்கொண்டது அந்தப் பெஞ்சுகளில்தான். ஒரு நாள் நடப்பது கூடிவிட்டால் மறுநாள் எங்கும் போகாதீர்கள். நீண்ட நடை உள்ள இடம் தவிர்க்க முடியாது என்றால், சானிடேட்ஸ்ஹவுஸ் என்ற மருத்துவ உபகரணக் கடைகளில் மடக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். "களைப்பானால் மட்டும் உட்காருங்கள்" என்று கொண்டுபோனால் மறுக்கமாட்டார்கள்.

"முடியுமா?" என்று கேட்காதீர்கள். "இந்தப் பெஞ்சா, அந்தப் பெஞ்சா?" என்று கேளுங்கள். "இன்னும் நடக்கலாமா?" என்பதைவிட "எனக்குக் கால் வலிக்குது, கொஞ்சம் உட்காரலாம்" என்றால் அம்மா உடனே உட்கார்ந்துவிடுவார்.

9. ஊருக்குக் கிளம்பும் முன்

போனில் இருக்கும் ஆயிரம் படத்தை அப்பா பார்க்கப்போவதில்லை. ட்ரோகெரி என்ற, சோப்பு ஷாம்பு விற்கும் கடைகளில் போட்டோ மெஷின் இருக்கும், போனை இணைத்தால் சில நிமிடத்தில் காகிதத்தில் வந்துவிடும். நாற்பது படம் தேர்ந்தெடுத்து எடுங்கள். பிள்ளைகளை விட்டு ஒவ்வொன்றின் பின்னாலும் ஊர்ப்பெயரையும் தேதியையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள், எழுத்துப்பிழையோடு இருந்தாலும் திருத்த வேண்டாம். அதைப் பெரிய பெட்டியில் வைக்காமல் அப்பாவின் கைப்பையில் வையுங்கள். விமானத்திலேயே பக்கத்து இருக்கைக்காரருக்கு எடுத்துக் காட்டுவார்.